தேசிக்காய்க் கிளாஸ்

பேராதனைப் பல்கலைக்கழகத்தில் நாலு வருடம் தவளையையும் பாசியையும் பார்த்துப் படித்த தனுஜாவுக்கு, இனி என்ன செய்யப் போகிறாய் என்று யாராவது கேட்டாலே அலுப்புத் தட்டியது. உயிரியல் படித்தவர்களுக்கு வழிகள் ஏராளம் என்று கழுத்துப்பட்டி கட்டிய ஆட்கள் மண்டபத்தில் பேசிவிட்டுப் போனார்கள். பேசுகிறவனுக்கு என்ன, அவனுக்கு வேலை இருக்கிறது.

மருந்துக் கம்பனி ரெப் ஆகலாம். டொக்டர்மார் வாசலில் பையோடு நின்று, ஒரே மாத்திரையை நாள் முழுக்கச் சிரித்துக்கொண்டு புகழ வேண்டும். ரீச்சர் ஆகலாம். அதற்கு நியமனம் வரவேண்டும், நியமனம் வர எலக்ஷன் வரவேண்டும். வெளிநாட்டுப் படிப்பென்றால் சோதனைக்கு மேல் சோதனை. கடைசியில் மிஞ்சியது நுளம்பு. வீடு, கடை என்று ஏறிக் கொசுப் புழு தேடும் டெங்கு ஒழிப்பில் உதவியாளர் வேலை; இரண்டு வாரமாகப் பழகிக்கொண்டிருந்தாள். வருகிறாளா இல்லையா என்று திங்கட்கிழமை சொல்ல வேண்டும்.

அப்பா செல்லச்சாமிக்கு அது வெட்கக்கேடு. மணிக்கூட்டுக் கோபுரத்துக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் சாமான் கடை வைத்திருக்கிற மனிதர். மகளை டொக்டராக்க நினைத்து, புள்ளி போதாமல் போன கோபம் இன்னும் ஆறவில்லை. “கொசு புடிக்கவா உன்ன கெம்பஸ் அனுப்புனேன்?” என்று கேட்டுவிட்டு, ரெப் வேலைக்குத் தெரிந்த ஒருவரிடம் சொல்லியும் வைத்துவிட்டார். அவள் மறுக்கவில்லை. பேசிப் பேசி வாய் ஓய்ந்திருந்தது.

வெள்ளிக்கிழமை அப்பாவின் கடை இருக்கிற தெருவின் முறை வந்தது. கூட வந்த சுகாதாரப் பரிசோதகர் விவேகானந்தன் யாழ்ப்பாணத்துக்காரர். முழங்கால் நோவோடு படியேறுகிறவர். பக்கத்துக் கடை ரிஸ்மியின் பிரிட்ஜின் பின்தட்டுத் தண்ணீரில் புழு நெளிந்தது. தனுஜாதான் டோர்ச் அடித்துக் காட்டினாள். ரிஸ்மிக்கு நோட்டீஸ் எழுதியாயிற்று.

“அடுத்தது ஒங்கட வாப்பாட கடைதானே,” என்றான் ரிஸ்மி. சிரித்துக்கொண்டுதான் சொன்னான். ஆனால் தன் வேலையைப் பார்க்கப் போகாமல் வாசலிலேயே நின்றான்.

விவேகானந்தனுக்கு விஷயம் விளங்கிவிட்டது. அவளை வாசலில் நிறுத்திவிட்டுத் தானே உள்ளே போனார். தொங்கிய வாளி, அடுக்கிய பேசின், பின்பக்கத்துக் கழிவுநீர்க் கான், எல்லாம் பார்த்தார். அத்தனை வாளியிலும் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. செல்லச்சாமி அவருக்குக் கதிரை போட்டு, பிளேன்டீயும் வரவழைத்தார்.

“பிரச்சினை இல்லை பிள்ளை, போவம்,” என்றார் விவேகானந்தன்.

தனுஜா நகரவில்லை. காசு மேசையில், சாமிப் படத்துக்குக் கீழே, தண்ணீரில் தேசிக்காய் போட்ட கண்ணாடிக் கிளாஸ் இருந்தது. கண்ணூறு படாமலிருக்க வைத்தது. வெள்ளிக்கு வெள்ளி அப்பா அந்த எலுமிச்சங்காயை மாற்றுவார். தண்ணீரை மட்டும் கொட்டமாட்டார். கொட்டினால் வருகிற வியாபாரம் போய்விடும் என்று நினைப்பு. குறைந்தால் மேலே ஊற்றுவார். எல்லாக் கடையிலும் இருக்கிற கிளாஸ் என்பதால் யாரும் அதைப் பார்ப்பதில்லை. அவளே இதுவரை பார்த்ததில்லை.

பேசாமல் போயிருக்கலாம். பரிசோதகரே பிரச்சினை இல்லை என்று சொல்லியாயிற்று. ஆனால் இங்கேயும் மனதில் ஒன்றை வைத்துக்கொண்டு பல்லைக் காட்டுவதென்றால், ரெப் வேலைக்கே போய்விடலாமே என்று பட்டது.

உள்ளே போய்க் கிளாஸைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தாள். காய்க்குப் பக்கத்தில் நாலைந்து புழு தலைகீழாகத் தொங்கின.

“சேர், இங்க இருக்கு.”

“வையி கீழ,” என்றார் செல்லச்சாமி. “அது சாமி தண்ணி.”

“சாமி தண்ணிதான்ப்பா. உள்ள இருக்கிறது டெங்கு கொசு.”

ரிஸ்மியின் சிரிப்பு நின்றுபோனது. மெதுவாகத் தன் கடைக்குள் போய்விட்டான். விவேகானந்தன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டு, கிளாஸைப் பார்த்து, அவள் முகத்தையும் பார்த்துவிட்டுப் பேனையை எடுத்தார். செல்லச்சாமி நோட்டீஸைக் கையில் வாங்கவில்லை. மேசையில் வைக்கச் சொன்னார்.

திங்கட்கிழமை தனுஜா வேலைக்கு வருகிறேன் என்று சொன்னாள். சந்தோஷத்தில் சொல்லவில்லை. சொந்தத் தகப்பனுக்கே நோட்டீஸ் வாங்கிக் கொடுத்துவிட்டு, பிறகு வேலை வேண்டாம் என்றால் தெருவே சிரிக்கும்.

அடுத்த வெள்ளி சாப்பாட்டுப் பார்சலோடு கடைக்குப் போனாள். சாமிப் படத்துக்குக் கீழே அதே கிளாஸ். புதுத் தேசிக்காய். தண்ணீர் இல்லை.

பேசின் வாங்க வந்த ஒரு அம்மா, மகள் இப்போது என்ன செய்கிறாள் என்று விசாரித்தார். படிக்கிறாள் என்றுதான் அப்பா எப்போதும் சொல்லுவார்.

“கொசு பாக்குறா,” என்றார், மகள் பக்கம் திரும்பாமல். “சாமி கிளாஸக்கூட விட மாட்டா.”

சொல்லிவிட்டுப் பேசினின் விலையைச் சொன்னார்.