வாபஸ் வாங்காத பெயர்

வேண்டாவுக்கு வயிறு எரிந்தது. அதுவும் யார் மேல்? சுனாமியில் புருஷனைப் பறிகொடுத்து ஆறு மாதம்கூட ஆகாத ஓரகத்தி செல்லம்மா மேல். வெளியே சொன்னால் காறித் துப்புவார்கள். ஆனால் எரிந்ததே, என்ன செய்ய?

சதுரங்கப்பட்டினத்துக்குப் பக்கத்துக் குப்பம் அது. வார்டு மெம்பரும் அலையோடு போய்விட, யாருக்குக் கொட்டகை, யாருக்கு அரிசி என்று கேட்டுப் பேச ஆளில்லை. ரேஷன் கார்டு தொலைத்த எண்பது வீட்டுக்கும் மனு எழுதிக்கொண்டு செங்கல்பட்டு தாலுகா ஆபீசுக்கு நடையாய் நடந்தவள் வேண்டா. இடைத்தேர்தல் என்றதும் மனசுக்குள் மாலைகூடப் போட்டுக்கொண்டாள்.

புருஷன் கோதண்டராமன் அதைக் கழற்றி எறிந்தான்.

"செல்லம்மாவ நிக்க வெச்சாத்தான் ஓட்டு வுழும். தம்பி செத்துக் கீறான், ஜனம் மனசு எறங்கும். நீ டம்மியா ஒரு மனு போட்டு வையி. அவ மனு தள்ளிட்டாங்கன்னா ஒதவும். இல்லன்னா வாபஸ் வாங்கிக்க."

டம்மியாம்! அடப்பாவி மனுஷா! அலைந்து கால் தேய்ந்தவள் டம்மி, மூலையில் உட்கார்ந்து அழுதவள் மெம்பரா?

செல்லம்மாவின் மனுவை ஏற்றுக்கொண்டார்கள். வாபஸ் வாங்கக் கடைசி நாளன்று வேண்டா பஸ் ஏறித் திருக்கழுக்குன்றத்தில் இறங்கினாள். யூனியன் ஆபீஸ் பக்கமே திரும்பவில்லை. மணி மூன்று தாண்டும்வரை பஸ் ஸ்டாண்டில் வேர்க்கடலை உரித்துத் தின்றாள். வீட்டுக்கு வந்து, "பஸ்ஸு பிரேக்டவுனு" என்றாள்.

"வுடு, உனக்கு எவன் போடப் போறான்?" என்றான் கோதண்டராமன். இது வேறு!

பள்ளிக்கூடம் இடிந்து கிடந்ததால் ஓட்டுச்சாவடியும் தகரக் கொட்டகைதான். சீட்டில் மூன்றே பெயர்: செல்லம்மா, அவளை எதிர்த்து நின்ற மார்கரெட், வேண்டா. தன் பெயருக்கு எதிரில் ஓங்கிக் குத்திவிட்டு நிமிர்ந்து வந்தாள். ஒரே ஒரு ஓட்டில் குடியா முழுகிவிடும்?

முழுகித்தான் போனது. மார்கரெட்டுக்கு நூற்றுப் பன்னிரண்டு. செல்லம்மாவுக்கு நூற்றுப் பதினொன்று. வேண்டாவுக்கு இரண்டு.

இரண்டா? அவளுக்கு நெஞ்சு குளிர்ந்தது. கட்டினவனுக்குக் கடைசியில் புத்தி வந்துவிட்டதோ?

"ஏன்யா, எனக்கு நீயா போட்ட?"

"பேஜாரு பண்ணாத! எனக்கு இன்னா பைத்தியமா?" என்று எரிந்து விழுந்தான்.

சாயங்காலம் தண்ணீர் லாரியில் குடம் பிடித்துவிட்டுத் திரும்பும்போது செல்லம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது.

"அக்கா, மாமாகிட்ட சொல்லிடாத. உனக்கு நாந்தான் போட்டேன். எனக்கு இன்னா தெரியும், மனு எழுதவா, ஆபீசருகிட்ட பேசவா? எம்புருசன் பொணத்தக்கூட அத்தன பொணத்துல தேடி எடுத்துகினு வந்தது நீதான? நீ மெம்பரானாத்தான் நல்லதுன்னு நெனச்சேன். இப்டி ஒத்த ஓட்டுல போவும்னு யாரு கண்டா!"

வேண்டா குடத்தை அடுத்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

"இன்னொரு ஓட்டு யாரு போட்டாங்கன்னுதான் தெரிலக்கா. அவங்களும் என்ன மாரியே உன் நல்ல மனசத் தெரிஞ்சவங்களாத்தான் இருப்பாங்க. உனக்கு எதுனா தெரியுமா?"

"தெரியாது" என்றாள் வேண்டா.