கூர்மை போதாத கைகள்

தையல்காரரின் இரண்டு கைகளும் ஒரு செவ்வாய்க்கிழமை காலை மங்கலாகிப்போயின. மணிக்கட்டு வரை தெளிவாகத்தான் இருந்தார். அதற்குக் கீழே ஈரக் கண்ணாடி வழியாகப் பார்ப்பதுபோல் இருந்தது. காரணம் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அவர் துணி வெட்டுவதைப் படமெடுத்து, படங்களை விற்றுத்தரும் நிறுவனத்துக்கு மகள் அனுப்பியிருந்தாள். ‘கூர்மை போதவில்லை’ என்று திருப்பிவிட்டார்கள். அவர்கள் சொல்லும் குறை படத்திலிருப்பதைப் பிடித்துக்கொள்ளும்; அடுத்த தீர்ப்பு வந்தால்தான் விடும். ‘சாய்ந்திருக்கிறது’ என்று முன்பொரு முறை படம் திரும்பிவந்த டம்ளரில் ஒரு மாதம் தண்ணீர் சாய்ந்தே நின்றது. அதே படத்தைப் பெயர் மட்டும் மாற்றி அனுப்பினாள். ஏற்றுக்கொண்டார்கள், தண்ணீர் நேரானது.

மகளுக்கு ஆத்திரமே அதில்தான். ஆளுக்கொரு நியாயம், வேளைக்கொரு நியாயம். பக்கத்துத் தெரு ஸ்டூடியோக்காரர் பனியில் எடுத்த குதிரையை, அவர் சொன்னால்தான் அது குதிரை, மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டார்கள்.

ஆனால் இப்போது மாட்டியிருப்பது டம்ளரல்ல, அப்பாவின் கைகள். சனிக்கிழமைக்குள் பள்ளி வாத்தியக் குழுவுக்குக் கோட்டுகள் தைத்தாக வேண்டும். “விரல் எங்க முடியுது, கத்தரி எங்க ஆரம்பிக்குதுன்னே தெரியலையேம்மா” என்றார் அவர். “நல்லா இருந்த மனுஷன் கையை எதுக்குடி ஊருக்கெல்லாம் அனுப்புன?” என்றாள் அம்மா. மகள் புள்ளிகூட மாற்றாமல் அதே படத்தை மறுபடி அனுப்பினாள். ‘வெளிச்சம் அதிகம்’ என்று வந்தது. கைகள் குழல்விளக்காய் எரிந்தன. அவருக்குக் கண் கூசியது, அம்மா அந்த வெளிச்சத்தில் ஊசி கோத்தாள். வியாழக்கிழமை மறுபடி அனுப்பினாள். ‘இதுபோல் ஏற்கெனவே நிறைய உள்ளன’ என்று பதில் வந்தபோது, தையல்காரருக்குத் தெள்ளத்தெளிவாக எட்டுக் கைகள் இருந்தன.

கொஞ்ச நேரம் எல்லாவற்றையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு ஒரு ஜோடி வெட்டியது, ஒரு ஜோடி தைத்தது, ஒரு ஜோடி இஸ்திரி போட்டது, மிச்சமிருந்தது முதுகு சொறிந்தது. வெள்ளிக்கிழமை மதியமே கோட்டுகள் தயார்.

“இன்னொரு தடவை அனுப்பறேன்ப்பா. இந்த முறை கண்டிப்பா எடுத்துக்குவாங்க.”

“நீ கையை வச்சுக்கிட்டு சும்மா இரும்மா. எவனாவது நல்ல மனசோட ஏத்துக்கிட்டான்னா என் பொழப்பு என்னாகறது?”

அம்மா சிரித்துச் சிரித்துச் சுவரில் சாய்ந்துகொண்டாள். மகளும்தான். சனிக்கிழமை கோட்டுகளைக் கொடுத்துவிட்டு வந்து, தையல்காரர் தனக்கொரு சட்டைக்கு அளவெடுத்தார். டேப்பைப் பிடிக்க அன்று அவர் யாரையும் கூப்பிடவில்லை.