பானை அடியில் ஒரு காசு

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. பொய் என்னுடையது இல்லை. ஆனால் மூன்று வருடமாக, செவ்வாய்க்கிழமைதோறும், காலை பத்து மணிக்கு அதை ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டிருப்பவன் நான். சொல்லிச் சொல்லி அதற்குக் கை கால் வைத்தவனும் நான்தான்.

இதைத் தமிழில் எழுதுவது தாய்மொழிப் பற்றினால் என்று நீங்கள் நினைத்தால் சந்தோஷம். உண்மையான காரணம், ஸ்பானிஷ் பேசுகிற இந்த ஓஹாக்கா ஊரில் தமிழ் படிக்கத் தெரிந்த ஆள் என்னைத் தவிர யாருமில்லை.

எப்படித் தொடங்குவது என்று நாலு நாளாக மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறேன்.

‘சந்தையில் மிளகாய் சிவப்பும் கறுப்புமாகக் குவிந்து—’

வேண்டாம். இது நேற்று விமானத்தில் வந்து இறங்கியவன் எழுதுகிற வரி. பத்தொன்பது வருடம் இங்கே குப்பை கொட்டியவன் இப்படி எழுதினால் செருப்பாலேயே அடிக்கலாம்.

‘ஒதிலியா கோபக்காரி அல்ல. அவள்—’

இதுவும் வேண்டாம். இப்படித் தொடங்கினால் அடுத்த வரியில் உண்மையைச் சொல்ல வேண்டிவரும். அதற்கு இன்னும் துணிச்சல் வரவில்லை.

‘பன்னிரண்டு பேர் பானையைச் சுற்றி ஆடிக்கொண்டிருந்தார்கள்.’

இது பரவாயில்லை. இதையே வைத்துக்கொள்வோம்.

2

பன்னிரண்டு பேர் பானையைச் சுற்றி ஆடிக்கொண்டிருந்தார்கள். எல்லாருக்கும் இடுப்பில் பூவேலை செய்த ஏப்ரன். ஒருவருக்கும் இடுப்பு வளையவில்லை. ‘பாரம்பரியச் சமையல் வகுப்பு’ என்று வாசலில் பலகை மாட்டியிருக்கும் ஹிமெனா, தலைநகரத்துக்காரி, முட்டை அவிக்கக்கூடத் தெரியாதவள், ஓரமாக நின்று கைதட்டித் தாளம் போட்டாள்.

சமைக்கத் தெரிந்தவள் எதெல்வினா. அவளைத் திருவிழாச் சட்டை போட்டுக்கொண்டுதான் சமைக்க வேண்டும் என்று ஹிமெனா கட்டாயப்படுத்தியிருந்தாள். மோலே குழம்பு பட்டால் கறை போகாது. உலகத்தில் எந்தப் பொம்பளையும் அந்தச் சட்டையோடு அடுப்பங்கரைக்கு வரமாட்டாள். வந்தவர்களுக்கு அது தெரியுமா? அவர்கள் வெங்காயத்தை உரிப்பதற்கு முன்னால் ஒரு படம், உரித்த பிறகு ஒரு படம் எடுத்துக்கொண்டு, மாவுக்குள் விரலை விட்டு, ‘இதில் என்னவோ ஒரு சக்தி இருக்கிறது’ என்று கண்ணை மூடிக்கொள்கிறவர்கள். அது பன்றிக் கொழுப்பு என்று நான் மொழிபெயர்த்ததும் இரண்டு பேர் கையைக் கழுவ ஓடினார்கள்.

வகுப்பில் செய்வது தமாலே. மக்காச்சோள மாவுக்குள் கறுப்பு மோலே வைத்து, வாழையிலையில் மடித்து, ஆவியில் வேகவைப்பது. (கொழுக்கட்டை மாதிரி என்று சொன்னால் உங்களுக்குச் சட்டென்று பிடிபடும். இரண்டு ஊரும் ஒன்று என்று நெஞ்சு நெகிழ்ந்துபோவீர்கள். ஆகவே சொல்லமாட்டேன்.) பானை அடியில் தண்ணீர், அதற்கு மேலே சல்லடைத் தட்டு, தட்டின்மேல் பொட்டலங்கள். மூடுவதற்கு முன்னால் தண்ணீருக்குள் ஒரு காசைப் போடவேண்டும். தண்ணீர் கொதிக்கக் கொதிக்கக் காசு கடகடவென்று ஆடிக்கொண்டேயிருக்கும். சத்தம் நின்றால் தண்ணீர் வற்றிவிட்டது என்று அர்த்தம், உடனே ஊற்றவேண்டும். எதெல்வினா இதை ஒரு முழு நிமிடம் விளக்குவாள். அந்த ஒரு நிமிடமும் எல்லாரும் செல்போனைப் பார்ப்பார்கள்.

அவர்களுக்கு வேண்டியது அடுத்த விஷயம். பானைக்குப் பக்கத்தில் யாராவது கோபமாக இருந்தால் தமாலே வேகாது. எட்டு மணி நேரம் எரித்தாலும் மாவு மாவாகவே இருக்கும். அப்போது பானைக் காதில் இலைக்கிழிசலைக் கட்டிவிட்டு, கோபப்பட்டவள் பானையைச் சுற்றி ஆடவேண்டும், மனசு லேசாகிறவரை. இங்கே இதைக் கேட்டு யாரும் சிரிப்பதில்லை. வக்கீல் வீட்டிலும் ஆடுகிறார்கள்.

‘என் நாத்தனார் ஒருத்தி’ என்று எதெல்வினா ஆரம்பிப்பாள். ‘திருவிழாவன்று மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டு முந்நூறு தமாலேயையும் வேகவிடாமல் செய்துவிட்டாள்.’ மீதியை நான் பார்த்துக்கொள்வேன். நாத்தனாரைக் கொஞ்சம் குண்டாக்கினேன். அவள் கையில் ஒரு கரண்டியைக் கொடுத்தேன். ஆடும்போது சறுக்கி விழவைத்தேன்.* ஜனங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

* அவள் விழவில்லை. நிமிர்ந்து நின்று ஆடினாள். நான் பார்த்தேன்.

3

உண்மையில் நடந்தது இது. இதைப் பூசி மெழுகாமல் எழுதப் பார்க்கிறேன்.

எதெல்வினாவின் ஊரான சான் ஹசிந்தோவில், மூன்று வருடத்துக்கு முன்னால், திருவிழாப் பொறுப்பு அவள் புருஷனுக்கு. அவன் தங்கை ஒதிலியா. ஊர்ப் பொம்பளைகள் நாற்பது பேர், அவரவர் கத்தியும் ஏப்ரனும் ஒரு கூடைச் சோளமுமாக வந்து சேர்ந்தார்கள். கூப்பிட்டால் வரவேண்டும், கூப்பிடுவதுதான் மரியாதை. காலையில் மாவு பிசையும்போது கொழுப்பு போதாது என்றாள் ஒதிலியா. போதும் என்றாள் எதெல்வினா. வார்த்தை தடித்தது. அவ்வளவுதான் சண்டை.

பானை மூடி அடுப்பில் ஏறியது. மூடியவள் எதெல்வினா. வீட்டுக்காரிதான் மூடவேண்டும். முற்றத்தில் மோலேவுக்காக மிளகாயைக் கரியாகும்வரை வறுத்துக்கொண்டிருந்தார்கள், ஊரே கருகல் நாற்றம். வாசலில் பித்தளை வாத்தியக்காரர்கள் காதைக் கிழித்துக்கொண்டிருந்தார்கள். மத்தியானம் சாமி கும்பிட்டு எல்லாரும் பந்தியில் உட்கார்ந்தபோது பானையைத் திறந்தால், மாவு அப்படியே இருக்கிறது.

நாற்பது தலையும் ஒதிலியாவின் பக்கம் திரும்பின.

தனக்குள் கோபம் இருந்ததோ என்னவோ என்று அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. காலையில் சண்டை போட்டது நிஜம்தானே. இலைக்கிழிசலைக் கட்டினார்கள், பானையை மறுபடி ஏற்றினார்கள், அவள் ஏப்ரனை இழுத்துக் கட்டிக்கொண்டு சுற்றி ஆடினாள். சின்னப் பிள்ளைகள் சிரித்தன. அண்ணன் தலையைக் குனிந்துகொண்டான். அரைமணி நேரம் ஆடினாள். மாவு வேகவில்லை.

அன்றோடு சரி. அப்புறம் எந்த வீட்டு விசேஷத்துக்கும் அவளை அடுப்படிக்குக் கூப்பிடவில்லை. கூப்பிடாமலே விட்டிருந்தால்கூடப் பொறுத்திருப்பாள். வரச்சொல்லி, நாற்காலி போட்டு உட்காரவைத்து, கையில் தட்டைக் கொடுத்தார்கள். அந்த ஊரில் ஒருத்தியை இதைவிட அவமானப்படுத்த முடியாது. இப்போது அவள் ஞானமகளுக்குக் கல்யாணம் வருகிறது. ஞானஸ்நானத்தில் பிள்ளையைக் கையில் ஏந்திய ஞானத்தாய் இவள். இவளுக்கும் நாற்காலிதான் என்று சொல்லிவிட்டார்கள்.

இனி நான் தப்பிக்க முடியாத இடம். மறுநாள் அந்தப் பானையைத் தேய்த்தவன் நான். விருந்தாளியாகப் போனவன் சும்மா இருக்கவேண்டாமே என்று உட்கார்ந்தேன். அடி முழுக்கக் கரி பிடித்து, சொட்டுத் தண்ணீர் இல்லாமல் தீய்ந்திருந்தது. காசு போட்ட பானை தீய்ந்தால் காசு அடியோடு ஒட்டிக்கொள்ளும், சுரண்டித்தான் எடுக்கவேண்டும். நான் ஒரு மணி நேரம் சுரண்டினேன். காசு இல்லை.

எதெல்வினா வந்து நின்றாள். பானையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

“விடுங்க தம்பி. நான் தேச்சுக்கறேன்” என்றாள்.

அடுத்த மாதமே ஹிமெனாவிடம் சொல்லி எனக்கு இந்த மொழிபெயர்ப்பு வேலையை வாங்கிக் கொடுத்தாள். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு வாங்கிக்கொண்டேன்.

4

(இந்த இடத்தில் எதெல்வினாவை ராட்சசியாக்கிவிட்டால் எனக்குச் சௌகரியம். இரண்டு வரி எழுதியும் பார்த்தேன்: ‘அவள் கண்ணில் விஷம்—’. அடித்துவிட்டேன். அவள் கண்ணில் பூளைதான் இருந்தது, இரண்டு ராத்திரி தூங்காத பூளை. நாற்பது பேரை மேய்த்தவள் ஒரு காசை மறந்துவிட்டாள். மறந்ததற்கு யாரும் அவளைத் தூக்கில் போட்டிருக்க மாட்டார்கள். சொல்லாமல் விட்டதற்குத்தான் போடவேண்டும். அப்படியானால் பக்கத்துக் கயிறு எனக்கு.)

இரண்டு மாதத்துக்கு முன்னால் வகுப்பில் ரொட்டி தட்டுகிறவள் நின்றுவிட்டாள். எதெல்வினா, ஹிமெனாவின் காலில் விழாத குறையாகக் கெஞ்சி, ஒதிலியாவைக் கொண்டுவந்து ரொட்டி சுடுகிற மண் ஓட்டின் முன்னால் உட்காரவைத்தாள். பேரைக் கெடுத்தவளே வேலை வாங்கிக் கொடுக்கிறாள், பேரை மட்டும் திருப்பித் தரமாட்டாள். என்ன தயாளம் பாருங்கள்.

சிக்கல் என்னவென்றால், நாத்தனார் கதையை இனி ஒதிலியாவின் காதுபட ஸ்பானிஷில் சொல்ல முடியாது. ஹிமெனாவோ கதையை விடமாட்டாள், கதையில்லாமல் ஆட்டமில்லை, ஆட்டமில்லாமல் படமில்லை. எதெல்வினா என்னைத் தனியே கூப்பிட்டாள்.

“நான் இலை மடிக்கிறதைப் பத்திப் பேசிக்கிட்டிருக்கேன். நீங்க அந்தக் கதையை இங்கிலீஷ்ல சொல்லிருங்க தம்பி” என்றாள்.

அவள் ‘இலையை நெருப்பில் வாட்டினால் கிழியாது’ என்பாள். நான் ‘குண்டு நாத்தனார் ஒருத்தி இருந்தாள்’ என்பேன். மொழிபெயர்ப்பு என்று ஒரு தொழில் இருக்கிறதே, அதன் முகத்தில் இப்படி யாரும் காறித் துப்பியிருக்க மாட்டார்கள். ஒதிலியா ரொட்டியைப் புரட்டிக்கொண்டே, வெளிநாட்டுக்காரர்கள் ஆடுவதைப் பார்த்துத் தானும் சிரிப்பாள். ஒருநாள், யார் கோபத்துக்காக ஆடுகிறார்கள் என்று என்னிடம் கேட்டாள். சும்மா ஒரு வழக்கம் என்றேன்.

5

போன செவ்வாய்க்கிழமை வந்தவர்களில் உருகுவேயிலிருந்து ஒரு பல் டாக்டரம்மா. (‘கதைக்குத் தேவைப்பட்ட நேரத்தில் ஸ்பானிஷ் தெரிந்தவள் வந்து குதித்தாளாக்கும்’ என்று நீங்கள் உதட்டைப் பிதுக்குவது தெரிகிறது. பல் டாக்டர் என்பது மட்டும் என் கற்பனை. அவள் வந்தது நிஜம். இத்தனை நாள் ஒருத்தரும் வராததுதான் ஆச்சரியம்.) மற்றவர்கள் ஆடிக்கொண்டிருக்க, அவள் மண் ஓட்டின் பக்கம் ரொட்டிக்காகப் போனாள். ஒதிலியாவிடம், நீங்கள் எவ்வளவு சிரித்த முகமாக இருக்கிறீர்கள், கதையில் வந்த அந்த நாத்தனாருக்கு நேர்மாறு என்றாளாம். எந்தக் கதை என்று கேட்டிருக்கிறாள் ஒதிலியா. டாக்டரம்மா ஆசை ஆசையாக முழுவதையும் ஒப்பித்துவிட்டாள். குண்டு, கரண்டி, சறுக்கி விழுந்தது, ஒன்றையும் விடவில்லை.

நான் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஒதிலியா எழுந்தாள். நேரே பானையிடம் வந்தாள். ஆடுகிறவர்கள் விலகி வழிவிட்டார்கள். பானைக்கு ஒரு முழம் தள்ளி நின்று, தலையைச் சாய்த்து, உள்ளே காசு கடகடப்பதைக் கேட்டாள்.

திருவிழாவன்று அந்தப் பானைக்கு மிக அருகில் அரைமணி நேரம் இருந்தவள் அவள் ஒருத்திதான். ஆடவிட்டது இவர்கள்தானே. காசுச் சத்தம் கேட்காததற்கு, வாத்தியச் சத்தத்தில் காது அடைத்திருக்கும் என்று மூன்று வருடமாகத் தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டிருந்தாளோ என்னவோ.

“அண்ணி” என்றாள். “அன்னிக்குப் பானையில காசு போட்டீங்களா?”

மாவுக்குள் இருந்த எதெல்வினாவின் கை நின்றது. வந்தவர்கள் என்ன கேட்கிறாள் என்றார்கள். மொழிபெயர், மொழிபெயர் என்று ஹிமெனா கையை ஆட்டினாள்.

எல்லாருக்கும் இன்னும் சூடான ரொட்டி வேண்டுமா என்று கேட்கிறாள் என்றேன். பன்னிரண்டு பேரும் கைதட்டினார்கள்.

ஒதிலியா அந்தக் கைதட்டலைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எதெல்வினா மாவைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: “நான் என்னத்தக் கண்டேன். மறுநாள் பானை தேச்சது தம்பிதானே. அவரைக் கேளு.”

ஒதிலியா என் பக்கம் திரும்பினாள்.

“சொல்லுங்க. காசு இருந்துச்சா?”

6

முடிவு ஒன்று. ‘இல்லை’ என்றேன். ஒதிலியா ஏப்ரனை அவிழ்த்து எதெல்வினாவின் முன்னால் போட்டுவிட்டு ஊருக்குப் போனாள், கல்யாண வீட்டில் பானையை அவள் கையால் மூடி—

முடிவு இரண்டு. எதெல்வினா அழுது, தானே ஒப்புக்கொண்டு, இருவரும் கட்டிப்பிடித்து— த்தூ.

நிஜத்தில் நான் சொன்னது: “மூணு வருஷம் ஆச்சே. யாருக்கு ஞாபகம்.”

ஒதிலியா சரி என்று தலையாட்டினாள். மறுபடி மண் ஓட்டுக்குப் போய் உட்கார்ந்து, கருகிப்போயிருந்த ரொட்டியை எடுத்து ஓரமாகப் போட்டாள். பன்னிரண்டு பேரும் அன்று தமாலே தின்றுவிட்டு, இவ்வளவு மிருதுவாக இதுவரை தின்றதில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

இதை முடிவு என்று நான் ஏற்கமாட்டேன். உங்களிடம் தள்ளிவிடுகிறேன். பானையில் காசு இல்லை என்பது இத்தனை நாள் எனக்கும் எதெல்வினாவுக்கும் மட்டும்தான் தெரியும், இப்போது உங்களுக்கும் தெரியும். ஒதிலியாவின் பாஷையில் ஒரு வார்த்தைகூட உங்களுக்கு வராது. அதனால்தான் இவ்வளவு தைரியமாக உங்களிடம் சொல்கிறேன்.

சான் ஹசிந்தோவுக்கு ஓஹாக்காவிலிருந்து ஷேர் டாக்சியில் முக்கால் மணி நேரம். சர்ச்சுக்குப் பின்னால் மூன்றாவது வீடு ஒதிலியாவுடையது, நீலக் கதவு. கல்யாணம் பதினெட்டாம் தேதி. அதற்குள் சொன்னால் போதும்.