சித்தி செத்துப்போன எபிசோட்

அவன் எடுத்த ஒரே படத்தில் கதாநாயகி அவனுடைய சித்திதான். நடிகைக்குச் சம்பளம் கொடுக்க அவனிடம் வசதியில்லை. சித்தி அப்போது ஒரு பல் மருத்துவமனையின் வரவேற்பறையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. "நாள் பூரா வாயத் தொறந்துட்டு வர்றவங்களையே பாத்து அலுத்துப் போச்சு. நீ என்னமோ சொல்றே, செஞ்சுதான் பாப்போமே" என்று விடுப்பு போட்டுவிட்டு வந்தார்.

கதை சின்னது. தம்பி இறந்த பிறகு, அவன் வாடகைக்கு இருந்த அறையைக் காலி செய்ய அக்கா வருகிறாள். அவன் துணிகளை மடித்துப் பெட்டியில் வைக்கிறாள். வீட்டுக்காரரிடம் சாவியைக் கொடுத்துவிட்டுப் போகிறாள். அவ்வளவுதான். கேமரா பிடித்தவன் கல்லூரித் தோழன். உயரத்தைப் பார்த்து எல்லோரும் ஒட்டகம் என்று கூப்பிடுவார்கள். துணி மடிக்கும் காட்சியை வெட்டே இல்லாமல் ஒரே மூச்சில் எடுத்தார்கள். நடுவில் சித்தி ஒரு சட்டையின் காலரை முகர்ந்து பார்த்துவிட்டு, யாரோ பார்த்துவிட்டதுபோல் சட்டென்று கையைத் தாழ்த்திக்கொண்டார். அதை யாரும் அவருக்குச் சொல்லித்தரவில்லை. அவன் 'கட்' சொல்ல மறந்து நின்றான்.

படம் சில விழாக்களுக்குப் போனது. ஒரு பரிசும் வாங்கியது. ஒரு தியேட்டரில் காலைக்காட்சி போட்டு, ஆள் வராமல் எடுத்துவிட்டார்கள். படத்தைப் பற்றி எழுதிய எல்லோரும் சித்தியைத்தான் பாராட்டியிருந்தார்கள்.

"அடுத்த படமும் உங்கள வெச்சுத்தான் சித்தி. உங்கள நெனச்சேதான் எழுதறேன்."

"எழுதுடா. இந்தத் தடவயாவது பேசறதுக்கு ரெண்டு வரி குடு. படம் பாத்தவங்க என்னை ஊமைன்னே முடிவு பண்ணிட்டாங்க."

எழுதினான். பல வருஷத்துக்கு முன் சண்டை போட்டுப் பிரிந்த தோழியோடு தொலைபேசியில் பேச நினைக்கும் ஒரு பெண்ணின் கதை. அதைத் தூக்கிக்கொண்டு அவன் ஏறி இறங்காத படி இல்லை. கேட்டவர்கள் எல்லோரும் நல்லாயிருக்கு என்றார்கள். யாரும் கை கொடுக்கவில்லை. அதற்குள் மகள் பிறந்தாள். ஒரு தொலைக்காட்சித் தொடரை இயக்க அழைப்பு வந்தது.

"ஒரு வருஷம் போய்ட்டு வாங்களேன். மூச்சு விட்டுக்கலாம்" என்றாள் மனைவி. அவனும் அப்படித்தான் நினைத்தான்.

கஷ்டம் என்னவென்றால், அந்த வேலை அவனுக்கு நன்றாக வந்தது. மூன்று கேமராவை வைத்துக்கொண்டு, மற்றவர்கள் சாயங்காலம் வரை எடுப்பதை மதியச் சாப்பாட்டுக்குள் முடித்தான். யூனிட்டில் அவனுக்கு 'எக்ஸ்பிரஸ்' என்று பேர். யாராவது அதிர்ச்சியான செய்தி சொன்னால் கூடத்தில் நிற்கும் எல்லா முகங்களையும் ஒவ்வொன்றாகக் காட்ட வேண்டும், பின்னால் இடி இடிக்க வேண்டும். ஆரம்பத்தில் அதைச் சொல்லிச் சொல்லி வீட்டில் சிரித்தான். அப்புறம் சிரிப்பு நின்றுபோனது. ஒரு தொடர் முடிந்து இன்னொன்று வந்தது. மகள் பள்ளிக்கூடம் முடித்தாள்.

சித்தி ஓய்வுபெற்ற பிறகு ஒருநாள் அவரே கேட்டார். "உன் நாடகத்துல எனக்கு ஒரு மூலை இருக்குமாடா? வீட்ல சும்மா உக்காந்து சுவத்தப் பாத்துட்டிருக்கேன்."

அடுத்த படம் என்ன ஆயிற்று என்று அவர் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. அதனாலேயே அவனால் மறுக்க முடியவில்லை. நாயகியின் பெரியம்மாவாக ஒரு வேடம் உண்டாக்கினான்.

முதல் நாளே உதவி இயக்குநர் தயங்கித் தயங்கி வந்தான். "சார், அம்மாவுக்கு ரியாக்‌ஷன் பத்தல. மூஞ்சில ஒண்ணுமே தெரியல."

அவன் மானிட்டரைப் பார்த்தான். எல்லாம் தெரிந்தது. ஆனால் அதைப் பார்க்க ஒரு நிமிஷம் பொறுத்திருக்க வேண்டும். தொடரில் அந்த ஒரு நிமிஷம் கிடையாது.

"சித்தி, கண்ண இன்னும் கொஞ்சம் பெருசாக்குங்க. கைய நெஞ்சுல வைங்க."

சித்தி அவனை ஒரு பார்வை பார்த்தார். பிறகு கையை நெஞ்சில் வைத்தார்.

சில மாதங்களில் சேனல் அதிகாரியம்மா கூப்பிட்டனுப்பினார். "அந்தப் பெரியம்மா ட்ராக் எடுபடல. முடிச்சிடுங்க. சீன்லாம் வேணாம், ஒரு ஃபோன் கால்ல சொல்லிடலாம்."

அவன் வாதாடியிருக்கலாம். "சரி மேடம்" என்றான். போகிற வழியில் விபத்து, ஆள் அங்கேயே போய்விட்டாள் என்று போனில் செய்தி வருகிறது. நாயகி அலறுகிறாள், எல்லா முகங்களும் வருகின்றன, இடி இடிக்கிறது. மதியத்துக்குள் எடுத்து முடித்தான். சித்தியிடம் நேரில் போய்ச் சொல்ல வேண்டும் என்று நினைத்தான். இன்றைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டான். அதற்குள் எபிசோட் ஒளிபரப்பாகிவிட்டது.

எதிர்வீட்டுப் பெண்களோடு உட்கார்ந்து சித்தி அதைப் பார்த்திருக்கிறார். மறுநாள் காலையில் அவன் ஓடினான். கதவைத் திறந்ததும் சித்தி சொன்னார்:

"நான் செத்தது எனக்கே தெரியலையேடா."

"சித்தி, நான் வந்து சொல்லணும்னுதான்..."

"எதிர்வீட்டுப் பொண்ணு என் கையப் புடிச்சுட்டு அழறா. உயிரோட இருக்கறவளுக்கு ஆறுதல் சொல்றா. எனக்கு சிரிப்பு தாங்கல." சிரித்தார். சிரித்துக்கொண்டே முகத்தைத் திருப்பி ஜன்னலை நன்றாகத் திறந்துவிட்டார். "ஒரு ஃபோன் பண்ணியிருக்கலாம்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பான்.

அந்த வாரமே ஒட்டகத்தைத் தேடிப் போனான். ஒட்டகம் இப்போது விளம்பரப் படங்கள் எடுத்துக்கொண்டிருந்தான். "அந்தப் பழைய ஃபோன் கதைய ஞாயித்துக்கிழமைல எடுப்போம். சித்தி வீட்லயே எடுப்போம். யாரையும் கேக்க வேணாம்." ஒட்டகம் மறுபேச்சு பேசாமல் கேமராவோடு வந்தான். சித்தி பழைய வசனங்களைப் படித்துவிட்டு, "ஒருவழியா பேச விட்டுட்டியே" என்றார்.

முதல் காட்சி: தொலைபேசி முன்னால் கதையின் பெண் உட்கார்ந்திருக்கிறாள். எடுக்கலாமா வேண்டாமா என்ற யோசனை. ஒட்டகம் விளக்கை அணைத்துவிட்டு ஜன்னல் வெளிச்சத்திலேயே எடுத்தான். சித்தி உட்கார்ந்தார். தொலைபேசியைப் பார்த்தார். மேசையிலிருந்த தூசியை விரலால் தள்ளினார்.

"கட்" என்றான் அவன்.

ஒட்டகம் நிமிர்ந்தான். "ஏன்டா? இப்பத்தான ஆரம்பிச்சாங்க."

"முடிஞ்சிடுச்சுன்னு நெனச்சேன்."

மறுபடி எடுத்தார்கள். இந்தத் தடவை பல்லைக் கடித்துக்கொண்டு பேசாமல் இருந்தான். ஆனால் உடம்பு கேட்கவில்லை. இங்கே க்ளோசப் போடணும், இங்கே அவள் திரும்பணும், ஒன்றுமே நடக்கவில்லையே, பார்ப்பவர்கள் எழுந்து போய்விடுவார்களே என்று உள்ளே யாரோ கத்திக்கொண்டே இருந்தார்கள். சித்தியின் முகத்தை அவன் பார்க்கவே இல்லை. அடுத்த ஷாட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

சில ஞாயிற்றுக்கிழமைகள் இப்படிப் போயின. எடுத்ததை ஒருநாள் மூவரும் உட்கார்ந்து போட்டுப் பார்த்தார்கள். ஒட்டகம் ஒயரைச் சுருட்ட ஆரம்பித்தான். சித்திதான் பேசினார்.

"எனக்கும் முதுகு வலிக்குதுடா. நிறுத்திக்கலாமா?"

முதுகுவலி இல்லை என்று மூன்று பேருக்கும் தெரியும். "சரி சித்தி" என்றான்.

அடுத்த வருஷம் ஒரு மாணவி எடுத்த குறும்படத்தில் சித்தி நடித்தார். அவளுக்குச் சித்தியைப் பற்றிச் சொன்னது ஒட்டகம்தான். திரையிடலுக்கு அவனும் போனான். சின்ன அரங்கம், பிளாஸ்டிக் நாற்காலிகள். திரையில் சித்தி பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்து, வருகிற பேருந்தையெல்லாம் போகவிட்டுக்கொண்டிருந்தார். ஒவ்வொரு பேருந்து நகரும்போதும் முகத்தில் ஏதோ ஒன்று குறைந்தது. அரங்கில் யாரும் அசையவில்லை. இது அவன் எடுத்திருக்க வேண்டிய படம் என்ற எண்ணம் எவ்வளவு விரட்டியும் போகவில்லை.

வெளியே வந்ததும் சித்தி அந்த மாணவியைக் கூட்டிக்கொண்டு வந்தார். "இவன் என் அக்கா மகன். என்னை வெச்சு மொதல்ல படம் எடுத்தது இவன்தான்."

"அப்படியா சார்! எனக்குத் தெரியாது. இப்ப என்ன சார் பண்றீங்க?"

தொடரின் பேரைச் சொன்னான்.

"ஐயோ, எங்கம்மா ஒருநாள்கூட விடமாட்டாங்க சார்!" என்றாள் அவள். கிண்டல் எதுவும் இல்லாத, நிஜமான சந்தோஷம்.

"அம்மாவ விசாரிச்சேன்னு சொல்லும்மா" என்றான். பிறகு சித்தியின் கைப்பையை வாங்கிக்கொண்டு, படியில் பார்த்து இறங்கச் சொல்லி, காரை எடுத்துவரப் போனான்.