இடி இடிக்கும்போது போனைத் தொடாதீர்கள்

ஒரு வீட்டுக்கு கேபிளோ போனோ இன்டர்நெட்டோ இழுத்துக் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டு வருகிற ஆள் நானில்லை. "தனக்கோடிக்கு வேலை அரை மணி, அட்வைஸ் ஒரு மணி" என்று எங்கள் கேபிள் ஆபரேட்டர் வைத்தீஸ்வரன் கிண்டல் செய்வார். செய்யட்டும். டிவியை ஜன்னலோரம் வைக்காதீர்கள், சாரல் அடிக்கும். கேபிளைக் கதவிடுக்கில் நசுக்காதீர்கள், படம் புள்ளி புள்ளியாக வரும். இன்டர்நெட் ஓடும்போது போனை எடுக்காதீர்கள், லைன் கட்டாகிவிடும். இதெல்லாம் மறந்தாலும் பரவாயில்லை, ஒன்றை மட்டும் மறக்காதீர்கள் என்று விரலை நீட்டிச் சொல்வேன். இடி இடிக்கும்போது டிவி பின்னைப் பிடுங்கிவிடுங்கள். போன் எத்தனை தடவை அடித்தாலும் தொடாதீர்கள்.

ஸ்ரீராம்புரத்தில் மரகதம் அக்காவுக்கு டிவி கேபிளும் லேண்ட்லைன் போனும் இழுத்துக் கொடுத்தபோதும் இதைத்தான் சொன்னேன். அவளுக்கு மாநகராட்சியில் தெருக்கூட்டும் வேலை. மகள் சுனிதா பீன்யாவில் துணி தைக்கிற கார்மென்ட்ஸ் கம்பெனிக்குப் போகிறவள். கீழே முனிகிருஷ்ணனின் மாவு மிஷின், மேலே ஷீட் போட்ட ஒற்றை அறை. அறை வாசலில் இரண்டடி நடை, அதை ஒட்டி இரும்புக் கைப்பிடி.

"தொட்டா என்னாவும் தம்பி?"

"இடி லைன்லயே வந்துடும்கா. ஆளே காலி."

அவள் நெஞ்சில் கைவைத்துக்கொண்டாள். நான் சொன்னதை ஒருத்தி இவ்வளவு மரியாதையாகக் கேட்டதில் எனக்குக் கொஞ்சம் பெருமைதான்.

கேபிளைத் தாங்குகிற ஸ்டே கம்பியை அந்த இரும்புக் கைப்பிடியில்தான் கட்டியிருந்தேன். மிச்சமிருந்த நீளத்தை வெட்டியிருக்க வேண்டும். "துணி காயப்போட ஆவுமே" என்றாள் அக்கா. நானும் பெரிய தர்மப்பிரபு மாதிரி அதை எதிர்ச்சுவர் ஆணி வரைக்கும் இழுத்து முறுக்கிக் கொடுத்துவிட்டேன். அந்தக் கம்பியைப் பற்றி மட்டும் நான் எந்த அட்வைஸும் சொல்லவில்லை.

2003 மே மாதம், சாயங்காலம் நாலு மணி இருக்கும். மல்லேஸ்வரத்தில் ஒரு வீட்டு மாடியில் இருந்தேன். வானம் இருட்டி, இடியோடு மழை பிடித்துக்கொண்டது. செல்போனில் வைத்தீஸ்வரன்.

"டேய், மரகதம் வீட்டுத் தெருவுல மரம் ஒடிஞ்சு, கரண்ட் ஒயர் நம்ம ஸ்டே கம்பி மேல விழுந்து கெடக்கு. கரண்ட் ஆபீஸ்ல போனை எவனும் எடுக்கல. நான் நேர்லயே போறேன். நீ அங்க ஓடு."

மழை வந்தால் எந்த வீட்டிலும் முதலில் துணியை எடுக்கத்தான் ஓடுவார்கள். உடனே அக்கா வீட்டுக்குப் போன் போட்டேன். அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. இரண்டாவது தடவை போடும்போதுதான் உறைத்தது. இடி இடிக்கிறது. அவள் எடுக்க மாட்டாள்.

ரயில் பாலத்தின் அடியில் முழங்கால் தண்ணீர். வண்டியைத் தள்ளிக்கொண்டே ஓடினேன். செத்திருப்பாள், செத்திருப்பாள் என்று மனசு அடித்துக்கொண்டது. அவளுக்காக அழுதேனா, என் கம்பியை நினைத்து அழுதேனா என்று இன்றைக்கும் தெரியாது.

தெருவில் திரும்பியதும் மேலே பார்த்தேன். சுனிதாவின் மாற்று நீல யூனிஃபார்ம் கம்பியில் நனைந்து தொங்கியது. நடையில் யாரும் இல்லை. நான் முடிச்சுப் போட்ட இடத்தில் சின்னச் சின்னதாய்ப் பொறி. மிஷின் கடையில் ட்யூப்லைட் எரிந்துகொண்டிருந்தது. அப்படியென்றால் கரண்ட் இன்னும் ஓடுகிறது. படியேறினாலும் அந்த ஒடுங்கிய நடையில் கைப்பிடியை உரசாமல் அறைக்குப் போக முடியாது.

முனிகிருஷ்ணன் வாசலுக்கு வந்து, "மரகதம், துணி நனையுது பாரு!" என்று கத்த வாயைத் திறந்தார். பாய்ந்து அவர் வாயைப் பொத்தினேன். எங்கள் பக்கம் கீழேயிருந்து பேர் சொல்லிக் கூப்பிட்டால் யாரும் உள்ளேயிருந்து பதில் சொல்வதில்லை. வெளியே வந்து, கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்து, குனிந்து "என்னா?" என்பார்கள். ஷீட்டில் கொட்டுகிற மழையில் அவள் காதுக்கு அவள் பேர் மட்டும்தான் எட்டும்.

"கூப்பிடாதீங்கண்ணா! கைப்பிடியில கரண்ட்!"

அவர் முகம் வெளுத்துவிட்டது.

அப்போது மேலே திரைச்சீலை விலகியது. தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு அக்கா ஒரு காலை வெளியே வைத்தாள். எனக்கு வேறெதுவும் தோன்றவில்லை, செல்லை அழுத்தினேன். உள்ளே மணி அடித்தது. அவள் திரும்பிப் பார்த்து உள்ளே போனாள்.

ஒரு நிமிடத்தில் மணி நின்றது. திரை மறுபடி விலகியது. மறுபடி அழுத்தினேன். மறுபடி போனாள்.

இப்படியே ஏழெட்டுத் தடவை. எடுத்துவிடு அக்கா, ஒரே ஒரு தடவை எடுத்துவிடு, நான் சொன்னதைக் கேட்காதே என்று கெஞ்சினேன். மகள் வெளியே போயிருக்கிறாள், இடி இடிக்கிறது, போன் விடாமல் அடிக்கிறது. அவள் என்ன நினைத்துப் பதறுவாள் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் அழுத்தினேன். பயந்துகொண்டே உள்ளே இருக்கட்டும்.

ட்யூப்லைட் அணைந்தது. நான் நிறுத்தவில்லை. எங்கள் ஊர் கரண்ட் போய்விட்டு இரண்டு நிமிடத்தில் திரும்பி வருகிற ஜாதி. கடைசியில் வைத்தீஸ்வரன் அழைப்பு குறுக்கே வந்தது. "ஃப்யூஸைப் புடுங்கியாச்சுடா."

படியேறி, டெஸ்டர் வைத்துப் பார்த்து, அதையும் நம்பாமல் புறங்கையால் கைப்பிடியைத் தொட்டேன். ஒன்றுமில்லை.

அக்கா கட்டிலின் மேல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு போனையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். முகம் முழுக்கக் கண்ணீர்.

"நீ சொன்ன மாதிரி தொடல தம்பி. ஆனா விடாம அடிச்சுது. சுனிதாவுக்கு என்னமோ ஆயிடுச்சு. யாரோ சொல்லத்தான் அடிக்கிறாங்க. பெத்த பொண்ணு சாவறாளோ என்னவோ, நான் என் உசுருக்குப் பயந்துகிட்டு எடுக்காம குந்தியிருக்கேன்."

"நான்தான்கா அடிச்சேன்."

அவளுக்குப் புரியவில்லை. வாசலுக்குக் கூட்டிவந்து கம்பியைக் காட்டி எல்லாம் சொன்னேன். கேபிள் கம்பியைத் துணிக்கொடியாக யாருக்கும் கட்டிக் கொடுக்கக் கூடாது, அது எனக்குத் தெரியும் என்பதையும் சொன்னேன். அவள் கை தன்னாலே கைப்பிடிக்குப் போனது. பாதியில் நின்று, முந்தானைக்குள் போய்விட்டது.

"எடுக்காதேன்னதும் நீ. அடிச்சதும் நீ. இதைக் கட்டினதும் நீ."

திட்டியிருந்தால் தேவலை. நான் கட்டிங் பிளேயரை எடுத்துக் கொடியைத் துண்டித்தேன். யூனிஃபார்ம் ஈரத்தோடு என் காலடியில் விழுந்தது.

அப்போது உள்ளே போன் அடித்தது. செல் என் பையில் இருந்தது. இடி நின்று கால் மணி நேரம் ஆகிவிட்டது.

"சுனிதாவா இருக்கும்கா. எடுங்க, இப்ப ஒண்ணும் ஆவாது."

"நீயே எடு" என்றாள் அக்கா.

நான்காவது மணி அடித்தது, ஐந்தாவது மணி அடித்தது. என் கை நீளவில்லை.