கடை காட்டும் வேலை

தையல் சாமான்கள் விற்கும் சந்தின் முதல் கடையில் இருவரும் காத்திருந்தார்கள். கடைக்காரம்மா யாருக்கோ பொருத்தமான பித்தான் தேடிக்கொண்டிருந்தாள். விநியோகக் கம்பெனி அதிகாரி அங்கிருந்த ஒரே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். கத்தரிக்காரர் சாம்பிள் பையைக் காலிடுக்கில் வைத்துக்கொண்டு நின்றார்.

கத்தரிக்காரரின் சொந்த நாட்டில் தையல் கத்தரி செய்யும் கம்பெனி, இந்த ஊரில் விற்றுப் பார்க்க அவரை அனுப்பிச் சில வருஷங்களாகின்றன. அப்போது அந்தக் கத்தரியைப் பற்றி யாரும் கேள்விப்பட்டதுகூட இல்லை. கடை கடையாக ஏறி இறங்கினார். வேண்டாம் என்றவர்களிடம் சும்மாவே கொடுத்துவிட்டு வந்தார். மழுங்கியதை வாங்கிப்போய்ச் சாணை பிடித்துத் திருப்பிக் கொடுத்தார். இப்போது சந்து முழுக்க அந்தக் கத்தரிதான். அதைப் பார்த்துத்தான், இந்த நாடு முழுவதும் நாங்களே விற்றுத் தருகிறோம் என்று பெரிய விநியோகக் கம்பெனி முன்வந்தது.

அவர்கள் அதிகாரியோடு ஒரு வாரம் கூடப் போய் எல்லாக் கடையையும் அறிமுகம் செய்துவைக்கும்படி கத்தரிக் கம்பெனி முதலாளி போனில் சொன்னார். தன் வேலை என்னவாகும் என்று இவர் கேட்டதற்கு, அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார்.

"கடையெல்லாம் காட்டிக் குடுத்துட்டா, அப்புறம் நம்மள யாருங்க தேடுவா?" என்றாள் மனைவி அன்று ராத்திரி. முதலாளி அப்படிக் கைவிடுகிற ஆள் இல்லை என்றார் இவர்.

பித்தானைக் கொடுத்து அனுப்பிவிட்டு, கடைக்காரம்மா அதிகாரியை ஏற இறங்கப் பார்த்தாள். "இனிமே மழுங்கிப் போனா யாருகிட்ட குடுக்கிறது?"

"புதுசு வாங்கிக்கலாம்மா" என்றார் அதிகாரி.

அவள் கத்தரிக்காரரைப் பார்த்தாள். நல்ல கம்பெனிதான், தைரியமாக ஆர்டர் கொடுக்கலாம் என்று அவர் சொன்னார்.

வாரக் கடைசியில், கடைசிக் கடையும் முடிந்து வெளியே வந்ததும் அதிகாரி சாம்பிள் பையை வாங்கிக் காரில் வைத்தார். பிறகு சிம் கார்டைக் கேட்டார். எல்லாக் கடைகளும் ஆர்டர் சொல்வது அந்த எண்ணுக்குத்தான். அது கத்தரிக் கம்பெனி பெயரில் வாங்கியது, முதலாளியிடம் பேசியாகிவிட்டதாம். கத்தரிக்காரர் முதலாளியைக் கூப்பிட்டார். மணி அடித்து ஓய்ந்தது. கடைக்குள் திரும்பிப் போய்க் குண்டூசி ஒன்று கேட்டு வாங்கி, சிம்மை நெம்பி எடுத்துக் கொடுத்தார்.

வீட்டுக்கு நடந்தே வந்தார். மனைவி போனும் கையுமாக வாசலில் நின்றாள்.

"சாப்பிட வருவீங்களான்னு கேக்கத்தான் கூப்பிட்டேன். யாரோ எடுத்து, எத்தன டஜன் வேணும்னு கேக்குறாரு. பயந்து வெச்சுட்டேன். யாருங்க அது?"

அவர் வாய் திறப்பதற்குள் அவள் கையிலிருந்த போன் அடித்தது. திரையில், அவர் எண்ணுக்கு அவள் வைத்திருந்த பெயர், 'பாப்பா அப்பா' என்று வந்தது.