பேர் போட்ட கடுதாசி

குழாய் லயன் வீடுகளின் முற்றத்து நடுவில் இருந்தது. அதைச் சுற்றிப் பலகை அடித்து, கதவு வைத்து, பூட்டுப் போட்டிருந்தார் தங்கவேலு மேஸ்திரி. காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை கதவு திறக்கும். மேஸ்திரியின் வண்டிக் குதிரைகள் ஆறும் குடித்து, குளித்து முடிந்ததும் மூடும். லயனில் குடியிருந்த நாற்பது அறைக்காரர்களும் பின்பக்கக் கிணற்றில் இறைத்துக் குடித்தார்கள். கிணற்றுக்கும் கக்கூஸுக்கும் நடுவே எட்டடி.

மாசிக் கடைசியில் குப்புசாமியின் மகன் செத்தான். முருகையன் என்று பேர். மூன்று வயது. ஒரு நாள் காலையில் வயிறு போக ஆரம்பித்தது. மறுநாள் காலையில் குழந்தை இல்லை. அடுத்த வாரம் பதினேழாம் அறையில் ஒரு கைக்குழந்தை.

லயன் மேஸ்திரியுடையது. அதில் குடியிருந்தவர்கள் எல்லாரும் அவர் கூலிக்கு எடுத்த ஆட்கள். ரங்கூனில் மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டையிலிருந்து விடியற்காலையில் கிளம்பிக் கப்பலடிக்கு நடந்து போய் அரிசி மூட்டை தூக்குகிறவர்கள். செல்லக்கண்ணு மட்டும் மூட்டை தூக்கவில்லை. அவன் நாலாம் வகுப்பு வரை படித்தவன். கப்பலில் ஏறும் மூட்டைகளை எண்ணிக் கோடு போட்டுக் கணக்கு எழுதுவது அவன் வேலை. லயனில் எழுதப் படிக்கத் தெரிந்த ஆள் அவன் ஒருவன்தான். ஊருக்குப் போகிற கடிதங்களெல்லாம் அவன் கையெழுத்தில்தான் போயின.

முருகையன் செத்த மூன்றாம் நாள் செல்லக்கண்ணு முனிசிபல் ஆபீஸுக்குப் போனான். குழாய் தனியார் இடத்துக்குள் இருக்கிறது, நாங்கள் ஒன்றும் செய்ய முடியாது என்றார் குமாஸ்தா. மேஸ்திரியிடமும் போனான். குதிரை நோய்ப்பட்டால் யார் பொறுப்பு என்று மேஸ்திரி கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஷம்சுதீனின் டீக்கடையில் செல்லக்கண்ணு ‘துறைமுகத் தூதன்’ பத்திரிகையை உரக்கப் படிப்பான். கப்பல் வரவு, ஊர்ச் செய்தி, கடைசிப் பக்கத்தில் வாசகர் குறைகள். ஒரு வாரம் அதில் யாரோ தெருவிளக்கைப் பற்றி எழுதியிருந்தார்கள். மூன்று மாதமாக எரியவில்லை, பெண்கள் நடக்க முடியவில்லை என்று.

“யாருண்ணே எழுதினது?” என்றான் குப்புசாமி.

“இருட்டில் நடப்பவன்னு போட்டிருக்கு.”

“அவனுக்கு அப்பன் பேரு வைக்கலையா?”

கடை சிரித்தது. ஷம்சுதீன் டீயை ஆற்றிக்கொண்டே, “வச்சிருப்பான் மாமு. பொண்டாட்டிக்குத் தெரியக்கூடாதுன்னு ஒளிச்சிருப்பான்” என்றார்.

அடுத்த வாரம் அந்த விளக்கு எரிந்தது. செல்லக்கண்ணு வேலை முடிந்து சுற்றுவழியில் போய்ப் பார்த்துவிட்டு வந்தான். வந்து சொன்னான். சொல்லியிருக்க வேண்டாம்.

அன்றைக்குக் குப்புசாமியின் மனைவி பாப்பம்மாள் அவன் அறை வாசலில் வந்து நின்றாள். குழந்தை போனதிலிருந்து அவள் யாரோடும் பேசவில்லை.

“விளக்கு எரிஞ்சிச்சாமே?”

“எரிஞ்சிச்சு.”

“அப்ப குழாய்க்கும் எழுதுண்ணே.”

அவன் எழுதினான். மூன்று தடவை எழுதிக் கிழித்தான். நாலாவது சரியாக வந்தது. குழாய், பூட்டு, குதிரைகள், கிணறு, எட்டடி. இரண்டு குழந்தைகள். முருகையன் பேரையும் வயதையும் எழுதினான். கைக்குழந்தைக்கு இன்னும் பேர் வைத்திருக்கவில்லை.

அவன் மனைவி அம்சவேணி விளக்கைத் தூண்டிவிட்டு, “கீழே என்ன போடப்போறீங்க?” என்றாள்.

“எல்லார் பேரும்.”

“அந்த இருட்டுக்காரன் மாதிரி ஏதாச்சும் போட்டா ஆகாதா?”

இதை லயனிலும் கேட்டுப் பார்த்தான். குப்புசாமிக்குக் கோபம் வந்தது. “மொட்டைக் கடுதாசியா எழுதுறோம்?” என்றான். மொட்டைக் கடுதாசி என்றால் என்னவென்று எல்லாருக்கும் தெரியும். பேர் போடாமல் எழுதி நிச்சயித்த கல்யாணத்தை நிறுத்துவார்கள். பேர் போடாமல் எழுதி ஒருவன் வீட்டுக்குப் போலீஸைக் கொண்டுவருவார்கள். எழுதியவன் கை அழுகும் என்று சாபம் விடுவார்கள். செத்த பிள்ளைக்காக அப்படி ஒன்று எழுதுவதா?

மேஸ்திரிக்கு உறவான இரண்டு அறைக்காரர்களைத் தவிர மற்ற முப்பத்தெட்டுப் பேரும் பேர் கொடுத்தார்கள்; செல்லக்கண்ணு கையெழுத்துப் போட்டான், மற்றவர்கள் ரேகை வைத்தார்கள். பேர், தகப்பன் பேர், ஊர், அறை நம்பர். பாப்பம்மாள் தனக்கும் வேண்டும் என்றாள். முப்பத்தொன்பது.

பத்திரிகை ஆசிரியர் ராஜரத்தினம் கடிதத்தை நின்றுகொண்டே படித்தார். இரண்டாம் தாளைப் புரட்டினார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

“ஏம்ப்பா, இத்தனை பேரா?”

“ஆமாங்க. எல்லாம் போடணும்.”

“பேரெல்லாம் என்கிட்ட இருக்கட்டும். கீழே ‘லயன்வாசிகள்’னு மட்டும் போடறேன். அதுதான் வழக்கம்.”

“பேரும் விலாசமும் இல்லாத கடிதம் பிரசுரிக்கப்படாதுன்னு நீங்கதானே போட்டிருக்கீங்க.”

“அது எனக்குத் தெரியறதுக்குப்பா. ஊருக்கெல்லாம் தெரியறதுக்கு இல்லை.”

“நாங்க மொட்டைக் கடுதாசி எழுத வரலீங்க.”

ராஜரத்தினம் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு அவனைப் பார்த்தார். அவன் நிமிர்ந்து நின்றான். அவன் வாழ்க்கையில் அப்படி நின்றது அந்த ஒரு தடவைதான்.

“உங்க இஷ்டம்” என்றார்.

சனிக்கிழமைப் பத்திரிகையில் கடிதம் வந்துவிட்டது. பர்மியர்களின் தண்ணீர்த் திருவிழா முடிந்த வாரம். திருவிழா அன்று தெருவில் மா டின் என்கிற வெற்றிலைக்காரி ஒரு வாளித் தண்ணீரைப் பாப்பம்மாள் தலையில் ஊற்றியிருந்தாள். “குழாத் தண்ணிண்ணே” என்று உதட்டை நக்கிக்கொண்டு செல்லக்கண்ணுவிடம் சொல்லியிருந்தாள் பாப்பம்மாள். அதற்குப் பிறகு அவள் கொஞ்சம் பேசத் தொடங்கியிருந்தாள்.

மறுநாள் ஷம்சுதீன் கடையில் இடம் போதவில்லை. செல்லக்கண்ணு கடிதத்தைப் படித்தான். பேர்களைப் படித்தான். ஒவ்வொருவனும் தன் பேர் வந்ததும் இன்னொரு தடவை படிக்கச் சொன்னான். ஒருவன் தன் ஊர்ப் பேரையும் சேர்த்துப் படிக்கச் சொன்னான். ஷம்சுதீன் அன்றைக்கு எல்லாருக்கும் சக்கரை கூடப் போட்டார்.

குப்புசாமி கடைசியில் வந்து, “எம்மவன் பேரு எங்கேண்ணே?” என்றான்.

செல்லக்கண்ணு விரலை வைத்துக் காட்டினான். குப்புசாமி பத்திரிகையை வாங்கிக்கொண்டு போய்ப் பாப்பம்மாளிடம் காட்டினான். இருவரும் அந்த இடத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்குப் படிக்கத் தெரியாது. இடம் தெரிந்துவிட்டது, அது போதும்.

அந்த வாரம் முழுவதும் ஒன்றும் நடக்கவில்லை. மேஸ்திரி ஒரு வார்த்தை கேட்கவில்லை. குழாய் குதிரைகளுக்குத் திறந்தது, மூடியது. இன்றைக்கு வருவார்கள், நாளைக்கு வருவார்கள் என்று முனிசிபல் ஆட்களை எதிர்பார்த்தார்கள். யாரும் வரவில்லை.

அடுத்த சனிக்கிழமை அதே பக்கத்தில் ஒரு பதில் வந்தது. லயன் கிணற்றுத் தண்ணீர் இளநீர் போன்றது. குழந்தைகள் மாங்காய் தின்று சீதபேதியில் இறந்தன. படித்த விஷமி ஒருவன் ஏழைகளைத் தூண்டிவிடுகிறான். மேஸ்திரி செய்த தருமங்கள் ஊரறிந்தவை. இப்படிக்கு, நடுநிலையாளன்.

“இவனுக்கும் அப்பன் பேரு இல்லை” என்றார் ஷம்சுதீன்.

யாரும் சிரிக்கவில்லை.

திங்கட்கிழமை விடிகாலை கப்பலடியில் ஆள் எடுத்தார்கள். எப்போதும் பித்தளை வில்லையில் இருக்கிற நம்பரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். முப்பத்தொன்று என்றால் முப்பத்தொன்று ஓடிவரும். அன்றைக்கு மேஸ்திரியின் கணக்கப்பிள்ளை பத்திரிகையை விரித்து வைத்துக்கொண்டு பேர் சொல்லிக் கூப்பிட்டார். தகப்பன் பேரும் ஊரும் சேர்த்து. ரங்கூனுக்கு வந்த நாளிலிருந்து யாரும் அவர்களை அப்படிக் கூப்பிட்டதில்லை. ஒவ்வொருவனும் “இருக்கேன்” என்றான். சிலர் உரக்கச் சொன்னார்கள்.

பாப்பம்மாள் பேர் வந்தபோது, “வீட்ல இருக்கா” என்றான் குப்புசாமி.

செல்லக்கண்ணுவின் பேர் கடைசி. அவனும் “இருக்கேன்” என்றான்.

மேஸ்திரி பெட்டி மேல் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை.

“பேப்பர்ல பேர் வந்தவங்கெல்லாம் அந்தப் பக்கம் நில்லுங்க. பெரிய மனுஷங்களாயிட்டீங்க. பெரிய மனுஷங்க மூட்டை தூக்கலாமா? பார்க்கிறவங்க என்னையில்ல ஏசுவாங்க.”

மேஸ்திரிக்கு உறவான அந்த இருவரும், முந்தின நாள் கப்பலில் வந்திறங்கிய ஒரு கூட்டமும் மூட்டை தூக்கப் போனார்கள். பேர் வந்தவர்கள் வெயில் ஏறும் வரை நின்றார்கள். பிறகு லயனுக்கு நடந்தார்கள்.

செவ்வாய், புதன், வியாழன். ஒவ்வொரு விடியலிலும் போய் நின்றார்கள், ஒவ்வொரு விடியலிலும் திரும்பினார்கள். அறைகளில் அரிசி தீர்ந்தது. மாதக் கடைசிக்குள் அறைகளைக் காலி செய்யச் சொல்லிக் கணக்கப்பிள்ளை வாசல் வாசலாகச் சொல்லிவிட்டுப் போனார்.

செல்லக்கண்ணு இன்னொரு கடிதம் எழுதி எடுத்துக்கொண்டு ராஜரத்தினத்திடம் போனான். அவர் படித்தார். மடித்தார்.

“போடறேன். போட்டா என்ன ஆகும்னு நீயே சொல்லு.”

அச்சு இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. செல்லக்கண்ணு கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிட்டான்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் குப்புசாமி அவன் அறைக்கு வந்தான். பின்னால் பத்துப் பதினைந்து பேர். யாரும் உள்ளே வரவில்லை. குப்புசாமி வாசற்படியில் உட்கார்ந்து தரையைப் பார்த்துப் பேசினான்.

“மேஸ்திரி வேலைக்குச் சேத்துக்கிறேங்கிறாரு. அறையிலயும் இருந்துக்கலாமாம்.”

“நல்லதாப் போச்சு.”

“ஒரு கடுதாசி கேக்கிறாரு. பேப்பருக்கு. எல்லாரும் பேர் போட்டு.”

“கணக்கப்பிள்ளை எழுதமாட்டாராமா?”

“உன் கையெழுத்துலதான் வேணுமாம்.” குப்புசாமி தலையைச் சொறிந்தான். “நீ மட்டும் காலி பண்ணிடணுமாம்ணே.”

அம்சவேணி உள்ளே பாத்திரங்களைச் சாக்கில் போட ஆரம்பித்தாள். ஒன்றோடொன்று இடிக்கும் சத்தம் கேட்டது. அவளுக்கு ஏழாம் மாதம்.

“என்ன எழுதணும்?” என்றான் செல்லக்கண்ணு.

குப்புசாமி மனப்பாடம் பண்ணிக்கொண்டு வந்திருந்தான். கிணற்றுத் தண்ணி நல்ல தண்ணி. செல்லக்கண்ணுங்கிறவன் ஊருக்குக் கடுதாசி எழுதறேன்னு சொல்லி ரேகை வாங்கிட்டான். மேஸ்திரி எங்களுக்குத் தாய் தகப்பன். அத்தோடு நின்றுவிட்டான்.

“அவ்வளவுதானா?”

“இன்னொண்ணு இருக்கு.”

கூட்டத்துக்குப் பின்னாலிருந்து பாப்பம்மாள் சொன்னாள்: “லயன்ல ஒரு புள்ளையும் சாவலைன்னு எழுதணுமாம்.”

குப்புசாமி அவள் பக்கம் திரும்பவில்லை.

செல்லக்கண்ணு தாளை எடுத்தான். எழுத மாட்டேன் என்று சொல்ல நினைத்தான். சொன்னால் முப்பத்தெட்டு அறைகளிலும் சாக்குக் கட்டுவார்கள். அவன் எழுதினான். கை பழகியிருந்தது, ஒரே தடவையில் சரியாக வந்தது. படித்துக் காட்டினான்.

“நல்லா வந்திருக்குண்ணே” என்றான் ஒருவன். மற்றவர்கள் அவனைப் பார்த்தார்கள். அவன் வாயைப் பொத்திக்கொண்டான்.

ஒவ்வொருவராக வந்து மை தொட்டு ரேகை வைத்தார்கள். குப்புசாமி வைத்தான். கடைசியில் பாப்பம்மாள் வந்து உட்கார்ந்தாள்.

“அது எந்த வரிண்ணே?”

“எது?”

“புள்ளை சாவலைங்கிறது.”

அவன் விரலை வைத்துக் காட்டினான். அவள் கட்டைவிரலை மையில் அழுத்தி அந்த வரியின் மேல் வைத்தாள். எடுக்கவில்லை. அழுத்தி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இழுத்தாள். வரி போய்விட்டது.

“ஏண்டி, என்ன காரியம் பண்றே!” என்றான் குப்புசாமி. அடிக்கக் கை ஓங்கினான். அடிக்கவில்லை. ஓங்கிய கையை இறக்கிக்கொண்டு, “மை கொட்டின தாளை மேஸ்திரி வாங்கமாட்டார்ணே. இன்னொண்ணு எழுதிடு” என்றான்.

செல்லக்கண்ணு வேறு தாள் எடுத்தான். முதலிலிருந்து எழுதினான். அந்த வரி வந்தபோது நிறுத்தாமல் எழுதிக் கடந்தான். எல்லாரும் மறுபடியும் வரிசையில் வந்தார்கள். பாப்பம்மாள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அவள் முறை வந்ததும் குப்புசாமி அவள் கையைப் பிடித்து, விரலை மையில் தொட்டு, தாளின் அடியில் காட்டிய இடத்தில் வைத்தான். கை கனமில்லாமல் வந்தது. ரேகை சரியாக விழுந்திருந்தது.